நான்காம் சுருள்

மொண்டெவிடியோவில் ஜூலை, பல் கிட்டும் மாதம்.
ஆற்றுக் காற்று வாசல்வரை வந்து
டிக்கெட் வாங்காமல் உள்ளே நுழையும்.
அன்று நாற்பத்தோரு பேர்,
காற்றைச் சேர்க்காமல்.

டிஜிட்டல் பெட்டி ஆபரேட்டர் அறை மூலையில்
நீல விளக்கோடு சும்மா உட்கார்ந்திருந்தது.
அதற்கு ஒரு சாவி வேண்டும்;
பூட்டில் நுழைக்கும் சாவி அல்ல,
மின்னஞ்சலில் வரும் எழுத்துக் குவியல்.
வியாழன் மாலை ஆறுக்குப் பிறந்து
ஞாயிறு நள்ளிரவில் செத்துப்போகும்.
அன்று திங்கள்.

ஆறு தகர டப்பாக்கள் இருந்தன.
சால்டோவிலிருந்து பஸ்ஸில் வந்தவை,
வெங்காய மூட்டைக்கும் யாருடையதோ கிடாருக்கும் நடுவே.
மூடியைத் திறந்தால் காடி நெடி.
கெடத் தொடங்கிய பிலிம் அப்படித்தான் மணக்கும்.
"ஊறுகாய் வந்தாச்சு" என்றான் வாஷிங்டன்.
(இந்த ஊரில் அந்தப் பெயர் சகஜம்.
இரவில் டிக்கெட் கிழிப்பான், பகலில் லிப்ட் ரிப்பேர்.)

படம் ஒரு சுங்க குமாஸ்தாவைப் பற்றியது.
செய்தானா இல்லையா என்று தெரியாத ஒரு கொலை,
தூக்கம் வராத ஒரு நீதிபதி.
மூன்று சுருள் ஒழுங்காக ஓடியது.
வலது மேல் மூலையில் வட்டம்: மோட்டாரை எழுப்பினேன்.
ஏழு நொடி.
மறுபடி வட்டம்: மாற்றினேன்.

நீதிபதி சுத்தியலை ஓங்கினார்.
ஒரு பெண் மீனின் வயிற்றைக் கிழித்தாள்.

யார் இவள்?
இடது ஓரம் வெட்டுப்பட்டு,
ஊமைப்படத்து வேகத்தில் பரபரவென்று,
ஒலித்தடம் இருக்க வேண்டிய இடத்திலும் படமே இருந்ததால்
அவள் முழங்கையே ஒலிபெருக்கியில்
மாட்டு ஈயாக ரீங்கரித்தது.
ஒலியை அடைத்தேன்.
மெஷினை நிறுத்தவில்லை.
துணிச்சல் என்று நினைக்காதீர்கள்.
விளக்கைப் போட்டால் நாற்பத்தோரு பேருக்குப்
பணம் திருப்ப வேண்டும்.
அதோடு, அந்தக் கை.

மீனுக்குள் மோதிரம் இருக்கும் என்று
அரங்கமே முன்னால் சாய்ந்தது.
குடல்தான் இருந்தது.
அவள் எங்களைப் பார்த்தாள்,
புறங்கையால் நெற்றியில் ரத்தம் இழுவியபடி
ஏதோ சொல்லிச் சிரித்தாள்.
எழுத்து அட்டை வரவில்லை.
நாய் ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டு ஓடியது.
படகைத் தள்ளி ஏறித் தனியாகத் துடுப்பு வலித்து
வெளிச்சத்துக்குள் போய்விட்டாள்.

பதினெட்டு நிமிடம். யாரும் இருமவில்லை.

ஐந்தாம் சுருளில் குமாஸ்தா
சவப்பெட்டிக்குள் கிடந்தான்.

வெளி வராந்தாவில் ஒரே சண்டை.
"அவள்தான் சாட்சி, கத்தியைக் கவனித்தீர்களா?"
பல் மருத்துவர் ஒஃபெலியா பென்டான்கோர்.
"இல்லை, அது அவன் தாயின் இளமை."
சட்டம் படிக்கும் பையன்.
பணத்தைக் கொடு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

புதன்கிழமை போன் வந்தது, ஆவணக் காப்பகத்திலிருந்து.
லேபிள் மாறிவிட்டது.
அந்தப் பெண்ணின் படத்துக்கு வேறு சுருள் இல்லை,
வேறு பிரதி இல்லை, பெயரும் தெரியவில்லை.
"நான்காவதைத் தொடவே தொடாதீர்கள்."
"ஓட்டிவிட்டேன்" என்றேன்.
அந்தப் பக்கம் யாரோ பேனாவை மூடும் சத்தம்.

அன்றிரவு மேசை விளக்கில் அடி அடியாகப் பார்த்தேன்.
பழைய காயங்கள் ஏராளம். புதிது ஒன்று:
ஏதோ ஒரு பல்சக்கரத்தில் அழுக்கு,
நான் துடைக்க மறந்த அழுக்கு.
பெட்டியில் போட்டு, பருத்தித் துணி சுற்றி,
இம்முறை பஸ்ஸில் அல்ல,
மடியில் வைத்து நானே கொண்டுபோனேன்.
ஆறரை மணி நேரம். கால் மரத்துவிட்டது.

இப்போது அவளைக் கோப்பாக மாற்றிவிட்டார்கள்.
இடது ஓரமும் திரும்பி வந்துவிட்டது;
அங்கே ஒரு குழந்தை நின்றிருக்கிறது,
நாங்கள் அன்று பார்க்கவில்லை.
எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார்கள், சாவியோடு.
அவள் சிரிக்கும் இடத்தில்
தோளிலிருந்து இடுப்புவரை மெல்லிய வெள்ளைக் கோடு.
அழித்துவிடலாமா என்று கேட்டிருந்தார்கள்.
இன்னும் பதில் எழுதவில்லை.

குமாஸ்தாவின் நான்காம் சுருள்
எந்த டப்பாவில் எந்தப் பெயரில் தூங்குகிறதோ.
அவனைக் கொன்றது யார் என்று
என்னிடம் கேட்காதீர்கள்.
வாஷிங்டனிடம் கேளுங்கள்.
மீன்காரி என்பான்.